புளிப்பை அளந்தவர்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள்; இல்லையென்றால் விரைவில் செய்வீர்கள். கூம்புக் குடுவையில் 25 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அதற்கு மேலே, தாங்கியில் பொருத்திய பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருக்கும். குடுவையில் இரண்டு சொட்டு பினால்ஃப்தலீன் விட்டு, காரத்தைச் சிறிது சிறிதாக இறக்குவீர்கள். நெடுநேரம் ஒரு மாற்றமும் தெரியாது. பியூரெட்டின் அளவுக்கோடுகள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருக்கும்; குடுவையோ நிறமற்றே இருக்கும். பிறகு எதிர்பாராத ஒரு கணத்தில், ஒரே ஒரு சொட்டில், குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். கை சற்றுத் தாமதித்தால் நிறம் அடர்ந்துவிடும். சோதனையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த ஒரு சொட்டுக்கு முன்பும் பின்பும் குடுவைக்குள் என்ன நடக்கிறது? அதை ஒரு சிறிய எண்ணால் சொல்லிவிடலாம் என்று காட்டியவர் டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன் பீட்டர் லோரிட்ஸ் சோரன்சன். பி.எச். என்று நாம் இன்று சொல்லும் அளவுமுறை, 1909ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக்கட்டுரையிலிருந்து பிறந்தது.

சோரன்சன் 1868ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் டென்மார்க்கின் சீலாந்து தீவில் உள்ள ஹாவ்ரெபியர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு விவசாயி. பதினெட்டாவது வயதில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, சோரன்சனின் எண்ணம் மருத்துவராக வேண்டும் என்பதாகவே இருந்தது. அங்கே வேதியியல் கற்பித்த பேராசிரியர் சோஃபஸ் மாட்ஸ் யோர்கன்சன், உலோகச் சேர்மங்களைப் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றவர். அவரிடம் பாடம் கேட்ட சோரன்சனின் மனம் மருத்துவத்திலிருந்து வேதியியலுக்குத் திரும்பியது. மாணவராக இருந்தபோதே அவர் எழுதிய ஆய்வுகளுக்காகப் பல்கலைக்கழகம் இரண்டு முறை தங்கப் பதக்கம் வழங்கியது.

பட்டம் பெற்ற பின் அவர் ஒரே வேலையில் நிலைத்து நிற்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். டென்மார்க்கின் நிலவியல் ஆய்வில் பங்குகொண்டார். அரச கடற்படையின் கப்பல் தளத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். இவற்றுக்கிடையே 1899ஆம் ஆண்டு முனைவர் பட்டமும் பெற்றார். அதுவரை அவர் கையாண்டவை பெரும்பாலும் கோபால்ட் போன்ற உலோகங்களின் சேர்மங்களே. உயிருள்ள பொருள்களின் வேதியியலுக்கும் அவருக்கும் அதிகத் தொடர்பு இல்லை. 1901ஆம் ஆண்டு கிடைத்த ஒரு பதவி அதை மாற்றியது.

அந்தப் பதவி கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. கார்ல்ஸ்பெர்க் என்பது அன்று கோப்பன்ஹேகனில் இருந்த ஒரு பெரிய பியர் ஆலை. அதன் நிறுவனரான யாக்கப்சன், மதுவடிப்பதில் ஊகத்தை விட அறிவியலை நம்பியவர். 1875ஆம் ஆண்டு அவர் ஆலைக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அங்கே கண்டறியப்படும் எதையும் ஆலை தனக்குள் மறைத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் விதி. வணிகர் ஒருவர் இப்படி ஒரு விதி வகுப்பது இன்றும் அரிதுதான். அந்த விதி ஏட்டளவில் நிற்கவில்லை. அங்கு வேலை பார்த்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டறிந்தபோது, அது போட்டி ஆலைகளுக்கும் பயன்படும் வகையில் வெளியிடப்பட்டது.

அதே ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜொஹான் கெல்டால். தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று கண்டறிய, அதிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றி, அந்த அமோனியாவை அமிலக் கரைசலில் பிடித்து அளக்கும் முறையை 1883ஆம் ஆண்டு உருவாக்கியவர் அவர். பால்மாவு டப்பாவில் அச்சிடப்படும் புரத அளவுக்குப் பின்னால் இன்றும் பெரும்பாலும் அந்த முறைதான் இருக்கிறது. கெல்டால் 1900ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய இடத்துக்குத்தான் முப்பத்து மூன்று வயதுச் சோரன்சன் வந்தார்.

வந்தவர் தம் பழைய உலோகங்களை ஓரமாக வைத்துவிட்டுப் புரதங்களையும் நொதிகளையும் ஆராயத் தொடங்கினார். நொதிகள் இல்லாமல் பியர் இல்லை. முளைவிட்ட பார்லியில் உள்ள நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் நொதிக்கச் செய்கிறது. நம் வயிற்றில் உணவைச் செரிக்க வைக்கும் பெப்சினும் ஒரு நொதியே.

நொதிகளை ஆராய்பவர்களுக்கு அக்காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஒரே நொதி, ஒரே வெப்பநிலை, ஒரே அளவு சர்க்கரை என்று எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்தாலும், ஒருவருக்குக் கிடைத்த முடிவு மற்றவருக்குக் கிடைக்கவில்லை. கரைசலின் புளிப்பு நொதியின் வேகத்தை மாற்றுகிறது என்பது தெரிந்திருந்தது. ஆனால், அந்தப் புளிப்பை எப்படி அளப்பது? நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே முறைதான் அவர்களிடமும் இருந்தது. காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நடுநிலையாக்க எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்ப்பது. இதைத் தரம் பார்த்தல் என்கிறோம்.

தரம் பார்த்தலில் தவறு ஏதும் இல்லை. சோரன்சனே அதில் கைதேர்ந்தவர். 1907ஆம் ஆண்டு, ஃபார்மால்டிஹைடைச் சேர்த்து அமினோ அமிலங்களைத் தரம் பார்க்கும் புதிய முறையை அவர் வெளியிட்டிருந்தார். அமினோ அமிலத்தில் அமிலப் பகுதியும் காரப் பகுதியும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருப்பதால், அதை நேரடியாகத் தரம் பார்த்தால் தெளிவான முடிவு கிடைக்காது. ஃபார்மால்டிஹைடு காரப் பகுதியைப் பிடித்து அடைத்துவிடும். பிறகு அமிலப் பகுதியை எளிதாக அளக்கலாம். இப்படி அந்த முறையின் வலிமையை அறிந்திருந்தவர் என்பதால்தான், அதன் எல்லையும் அவருக்குத் தெரிந்தது.

அந்த எல்லையை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். இரண்டு குடுவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லிலிட்டர். மற்றதில் அதே செறிவும் அதே அளவும் கொண்ட அசெட்டிக் அமிலம்; அதாவது வினிகரில் உள்ள அமிலம். இரண்டையும் நடுநிலையாக்க, 0.1 மோல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லிலிட்டர்தான் தேவைப்படும். பியூரெட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறத்தாழ எல்லா மூலக்கூறுகளும் உடைந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விட்டிருக்கும். அசெட்டிக் அமிலத்திலோ நூற்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை மட்டுமே உடைந்திருக்கும். காரம் வந்து கேட்கக் கேட்க, மீதி மூலக்கூறுகள் ஹைட்ரஜனைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தரம் பார்த்தல் நமக்குச் சொல்வது, அமிலத்தின் மொத்த இருப்பு. நொதிக்கு அந்த மொத்த இருப்பைப் பற்றிக் கவலை இல்லை. இந்தக் கணத்தில் தன்னைச் சுற்றி எத்தனை ஹைட்ரஜன் அயனிகள் திரிகின்றன என்பதே அதற்கு முக்கியம். கடையின் கிடங்கில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்பது ஒன்று; இப்போது மேசைமேல் எத்தனை தட்டுச் சோறு இருக்கிறது என்பது வேறு.

ஹைட்ரஜன் அயனிகளை நேரடியாக அளக்க அவர் இரண்டு வழிகளைக் கையாண்டார். முதலாவது ஹைட்ரஜன் மின்முனை. கருமையான பிளாட்டினத் துகள் படிந்த தகட்டைக் கரைசலில் வைத்து, ஹைட்ரஜன் வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தினால், அயனிகளின் செறிவுக்கு ஏற்ப ஒரு மின்னழுத்தம் உண்டாகும். செறிவு பத்து மடங்கு மாறும்போதெல்லாம் அந்த மின்னழுத்தம் ஏறத்தாழ 58 மில்லிவோல்ட் மாறும். துல்லியமான முறைதான், ஆனால், பொறுமையைச் சோதிக்கும் முறை. இரண்டாவது வழி, நிறங்காட்டிகள். எந்தச் சாயம் எந்தச் செறிவில் நிறம் மாறுகிறது என்பதை மின்முனையால் சரிபார்த்து வரிசைப்படுத்தினார். பின்னால் வருபவர்கள் மின்முனை இல்லாமலே நிறத்தை ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம்.

இதோடு இன்னொன்றும் தேவைப்பட்டது. தூய நீர் மிக எளிதில் ஏமாற்றும். ஒரு லிட்டர் தூய நீரில் 0.1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும், அதன் பி.எச். 7லிருந்து ஏறத்தாழ 5.3க்கு இறங்கிவிடும். இப்படி அலைபாயும் நீரில் நொதியை எப்படிச் சோதிப்பது? சிறிதளவு அமிலமோ காரமோ சேர்ந்தாலும் நிலை மாறாமல் தாங்கிக்கொள்ளும் கரைசல்களை அவர் தயாரித்தார். அவற்றைத் தாங்கல் கரைசல்கள் என்கிறோம். இந்தக் கருத்து அவருக்கு முன்பே பிரெஞ்சு ஆய்வாளர்களிடம் இருந்தது. எந்தெந்தப் பொருளை எந்த விகிதத்தில் கலந்தால் எந்த அளவு கிடைக்கும் என்று முறையாக அளந்து வைத்தவர் சோரன்சன்.

அளந்தாயிற்று. இனி அதை எழுத வேண்டும். எண்கள் அங்கேதான் இடக்குப் பண்ணின. ஒரு கரைசலில் லிட்டருக்கு 0.1 மோல், இன்னொன்றில் 0.0000001 மோல், காரக் கரைசலில் 0.0000000000001 மோல். இவற்றை ஒரே வரைபடத்தில் எப்படிக் குறிப்பது? ஒரு சுழியம் விட்டுப்போனால் பத்து மடங்கு பிழை. சோரன்சன் அந்த எண்களைப் பத்தின் அடுக்குகளாகப் பார்த்தார். 0.1 என்பது பத்தின் அடுக்கு கழித்தல் 1. 0.0000001 என்பது பத்தின் அடுக்கு கழித்தல் 7. கழித்தல் குறியை நீக்கிவிட்டு அந்த அடுக்கை மட்டும் எழுதினால் போதாதா? 1, 7, 13 என்று வரிசை எளிதாகிவிடுகிறது. மடக்கை படித்தவர்களுக்கு, ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எதிர்க்குறியாக்கினால் பி.எச். கிடைக்கும் என்று சொன்னால் போதும்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. புளிப்பு கூடக் கூட எண் குறைகிறது. புதிதாகப் படிக்கும் எவரும் ஒருமுறையாவது இதில் தடுக்கி விழுவார்கள். அதைவிட ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. பி.எச். 3 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பி.எச். 5 உள்ள அதே அமிலத்தையும் சம அளவில் கலந்தால், கலவையின் பி.எச். 4 ஆகாது, ஏறத்தாழ 3.3 ஆகும். சராசரி காண வேண்டியது செறிவுகளுக்கே அன்றி, அடுக்குகளுக்கு அன்று.

பி.எச். என்பதில் எச் என்ற எழுத்து ஹைட்ரஜனைக் குறிக்கிறது, அதில் ஐயமில்லை. பி எதைக் குறிக்கிறது? சோரன்சன் அதை எங்கும் வெளிப்படையாக விளக்கவில்லை. அவருடைய ஆய்வு ஜெர்மன், பிரெஞ்சு, டேனிஷ் ஆகிய மொழிகளில் வெளிவந்தது. அடுக்கு என்பதற்கான சொல் மூன்று மொழிகளிலும் பி என்ற எழுத்திலேயே தொடங்குகிறது. அதனால் அதுவே காரணம் என்பர் பலர். அவர் தம் கணக்கில் இரண்டு கரைசல்களுக்குப் பி, கியூ என்று பெயரிட்டிருந்தார், அதில் பி மட்டும் நிலைத்துவிட்டது என்பர் வேறு சிலர். தேர்வில் ஒரே விடை கேட்கும் ஆசிரியர்களுக்கு இது வசதியான செய்தி அன்று.

இப்போது நம் கூம்புக் குடுவைக்குத் திரும்புவோம். குடுவையில் 25 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். செறிவு லிட்டருக்கு 0.1 மோல். எனவே, அதில் இருப்பது 2.5 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனி. தொடக்கத்தில் பி.எச். 1. இதில் அதே செறிவுள்ள காரம் 10 மில்லிலிட்டர் சேர்ப்போம். காரத்தில் உள்ள 1 மில்லிமோல் ஹைட்ராக்சைடு, 1 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து நீராகிவிடும். மிஞ்சுவது 1.5 மில்லிமோல். ஆனால், அது இப்போது 35 மில்லிலிட்டரில் பரவியிருக்கிறது. மாணவர்கள் பலர் மறந்துவிடுவது இந்த மொத்தக் கனஅளவைத்தான். 1.5ஐ 35ஆல் வகுத்தால் 0.0429, பி.எச். 1.37. பத்து மில்லிலிட்டர் காரம் ஊற்றியும் பி.எச். அரை அலகுகூட ஏறவில்லை.

24 மில்லிலிட்டர் ஊற்றிய பிறகு மிஞ்சுவது 0.1 மில்லிமோல், மொத்தம் 49 மில்லிலிட்டர், பி.எச். 2.69. 24.9 மில்லிலிட்டரில் 3.70. சரியாக 25 மில்லிலிட்டரில் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. எஞ்சியிருப்பது உப்பு நீர். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் பி.எச். 7. அதைத் தாண்டி 0.1 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டால், இப்போது மிஞ்சுவது ஹைட்ராக்சைடு: 0.01 மில்லிமோல், 50.1 மில்லிலிட்டரில். ஹைட்ராக்சைடின் அடுக்கு 3.70. நீரில் இந்த இரு அடுக்குகளின் கூட்டுத்தொகை 14 என்பதால், பி.எச். 10.30. 26 மில்லிலிட்டரில் அது 11.29, அதற்குப் பிறகு மெதுவாகவே ஏறும்.

24.9லிருந்து 25.1 வரை, அதாவது ஏறக்குறைய நான்கு சொட்டுக்குள், பி.எச். 3.70லிருந்து 10.30க்குத் தாவிவிடுகிறது. ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஏறக்குறைய 40 இலட்சம் மடங்கு சரிகிறது. பினால்ஃப்தலீன் ஏறத்தாழ 8க்கு மேல்தான் நிறம் காட்டும். தாவலின் நடுவே அந்த எண் அகப்பட்டுக்கொள்கிறது. குடுவை நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, ஒரு சொட்டில் சிவப்பதன் காரணம் இதுதான்.

புதிய அளவுமுறை உடனே எல்லாரையும் சென்றடையவில்லை. ஜெர்மனியில் லியோனோர் மைக்கேலிஸ் 1914ஆம் ஆண்டு ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உயிர்வேதியியல் அறிஞர்களிடையே பி.எச். பரவுவதற்கு அந்நூல் பெரிதும் உதவியது. 1930களின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் ஆர்னல்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்டுவந்த நண்பர் ஒருவருக்காக, கண்ணாடி மின்முனையையும் மின்னணுக் குழாய்களையும் இணைத்து ஒரு கருவி செய்தார். அதுவே நம் ஆய்வுக்கூடங்களில் உள்ள பி.எச். அளவியின் முன்னோடி. ஹைட்ரஜன் குமிழிகளோடு காத்திருந்த காலம் அதோடு முடிந்தது.

சோரன்சன் தம் கண்டுபிடிப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தைப் படிகமாக்கி, அதன் மூலக்கூறு எடையைச் சவ்வூடு அழுத்தத்தால் அளந்தார். 1917ஆம் ஆண்டு அவர் பெற்ற விடை 34,000. இன்று நாம் ஏற்கும் எடை அதைவிடக் கூடுதல், ஏறக்குறைய 45,000. எனினும், புரதம் என்பது அளவிடக்கூடிய, மிகப் பெரிய மூலக்கூறு என்பதைப் பலர் ஏற்காத காலத்தில் வந்த எண் அது. இந்தப் புரத ஆய்வுகளில் அவருடைய மனைவி மார்கிரேத்த ஹோய்ரப் சோரன்சனும் உடன் வேலை செய்தார்.

தாம் கொடுத்த வரையறையையே அவர் பிறகு திருத்தினார். அயனிகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றையொன்று தடுக்கும். அதனால், கரைசலில் உள்ள எல்லா அயனிகளும் முழு வேகத்தில் செயல்படுவதில்லை. மின்முனை காட்டுவது அயனிகளின் எண்ணிக்கையை அன்று, அவற்றின் செயல்திறனை என்பது தெரியவந்தபோது, 1924ஆம் ஆண்டு தம் இளைய சக ஆய்வாளர் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்குடன் சேர்ந்து, செயல்திறனை அடிப்படையாகக் கொண்ட புதிய வரையறையை வெளியிட்டார். பதினைந்து ஆண்டுகளாக உலகம் பயன்படுத்திவந்த தம் சொந்தக் கணக்கை மாற்றி எழுதுவதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

1938ஆம் ஆண்டு, முப்பத்தேழு ஆண்டுகள் இருந்த பதவியிலிருந்து சோரன்சன் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், தம் எழுபத்தொன்றாவது வயதில், கோப்பன்ஹேகனுக்கு அருகிலுள்ள ஷார்லொட்டன்லுண்டில் சோரன்சன் காலமானார்.